இலாரியோ எதையும் மறுப்பதில்லை

இந்தக் காலத்தில் எவனும் ஒழுங்காகச் சாவதுகூட இல்லை. முன்பெல்லாம் ஒருவன் செத்தால் வாயை மூடிக்கொள்வான். அவன் பாதியில் விட்ட சண்டை பாதியிலேயே நிற்கும், அவன் நாற்காலியில் நாய் ஏறிப் படுத்துக்கொள்ளும், வருஷம் திரும்புவதற்குள் அவன் சட்டையை மச்சினன் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போவான். செத்தவனுக்கு அதுதான் மரியாதை. இப்போது செத்தவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போகிறது. அவனும் நன்றி சொல்கிறான். யாருக்கும் உடம்பு சிலிர்ப்பதில்லை.

நிக்கனோர் இதைச் சொல்லாத இடமில்லை. ரொட்டிக்கடையில் சொன்னார், பேருந்தில் சொன்னார், பாதிரியாரிடமும் போய்ச் சொன்னார். பாதிரியார் பெருமூச்சு விட்டு, "செத்தவங்களைச் சாகாம வெச்சிருக்கிற வேலையை நாங்கதானேய்யா பார்த்துட்டிருந்தோம்" என்றார்.

நிக்கனோர் பரானா ஆற்றில் மணல் அள்ளும் படகில் உழைத்து ஓய்ந்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் அவரைப் பார்த்ததில்லை. ஒரே மகன் இலாரியோ, புவேர்த்தோ சேய்போ நகரின் மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஆற்றுத் தீவுகளில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, சோயா ஏற்றி வந்த லாரி அவனையும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்து அடித்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கிய கயிற்றின் ஒரு முனை நிக்கனோரின் கையில்தான் இருந்தது. ஆகவே மகன் செத்த விஷயத்தில் அவருக்குச் சந்தேகமில்லை. மற்ற எல்லா விஷயங்களிலும் உண்டு.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலை கைபேசி அடித்தது.

"எழுந்திரு கிழவா. ஆறு மூணு மீட்டர் பத்து. கால் நனையாது. இலாரியோ."

நாய் எழுந்து வாசலைப் பார்த்தது. நிக்கனோரும் பார்த்தார். வெளியே ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி, யாரோ கதவைத் தட்டத் தயங்குவதுபோல நின்றுகொண்டிருந்தது.

அது மகன் செய்துவைத்த ஏற்பாடு. துறைமுகத் தூணில் ஒரு கருவி மாட்டியிருந்தான். ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது அளக்கும். கணினி அதை எடுத்துக் கீழ்க்கரை வீடுகளுக்கெல்லாம் காலையில் செய்தியாக அனுப்பும். வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது கீழ்க்கரைதான். ஊருக்கெல்லாம் "வணக்கம் அண்டைவீட்டாரே" என்று போகும். ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் "எழுந்திரு கிழவா" என்று போகும்.

மகன் உயிரோடு இருந்தபோதே நிக்கனோர் அதை நம்பியதில்லை. செய்தி வந்ததும் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடப்பார். தூணில் கோடு போட்டு எழுதியிருக்கும் எண்ணைத் தன் கண்ணால் பார்ப்பார். சரியாகத்தான் இருக்கும். மறுநாளும் போவார். மகன் செத்த பிறகும் போனார். செத்தவன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. தூணருகே நின்று திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவார். பின்னால் யாரோ தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

இருந்தாலும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அந்தச் செய்தி வளரத் தொடங்கியபோதுதான். செத்தவனுக்கு நகம் வளரும் என்று கேள்விப்பட்டிருந்தார். பேச்சு வளரும் என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு வணக்கம் கூடியது. பிறகு வானிலை வந்தது. ஒரு மாதம் கழித்து வானிலை போய்க் கால்பந்து முடிவு வந்தது. பிறகு பூக்கள், இதயங்கள், குவாரனி மொழியில் ஒரு வாழ்த்து, அந்த வாழ்த்தில் பிழை இருப்பதாக ஓர் அறிவிப்பு, பிழையைத் திருத்தியவருக்கு நன்றி. ஆற்றின் உயரம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. அதைப் பார்க்கக் கட்டைவிரலால் திரையைத் தள்ளித் தள்ளி அலுத்துப்போன தோன்யா இர்மா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"யோவ் நிக்கனோரு! உன் மகன் உயிரோட இருக்கையில இவ்வளவு வளவளக்க மாட்டானே!"

"வாயை மூடு இர்மா."

"நேத்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னான்யா. நீகூடச் சொல்லல."

இவ்வளவுக்கும் அவருடைய அந்த முதல் வரி மட்டும் அப்படியே இருந்தது. குப்பைமேட்டுக்கு நடுவில் தன் வீட்டுச் சாவி கிடப்பதுபோல அது கிடந்தது. அங்கே குளிர்காலமான ஜூலையில் ஒருநாள் அதுவும் மாறியது.

"மதிப்புக்குரிய மூத்த குடிமகனே, தாங்கள் விரும்பினால் விழித்தெழலாம்."

கீழே, இலாரியோ.

நிக்கனோர் கோட்டை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார்.

* * *

'திறந்த பங்களிப்புத் துறை' என்று பலகை போட்ட கட்டடத்தின் கதவு பூட்டியிருந்தது. 'இங்கே எல்லாம் திறந்தது' என்று கதவில் எழுதியிருந்தது. காவலாளி ஒரு சின்னச் சன்னல் வழியாகப் பார்த்தான்.

"யாரைப் பார்க்கணும்?"

"என் மகன் பேர்ல பேசறவனை."

நிக்கனோர் மேலும் சொல்ல வாய் திறந்த நிலையிலேயே காவலாளி அவரைப் படம் எடுத்து உள்ளே அனுப்பினான். உள்ளே போனால் கூடம் முழுக்கக் கணினிகள், கணினிக்கு முன்னால் பிள்ளைகள். நடுச்சுவரில் இலாரியோவின் படம். சட்டமிட்டு, அடியில் 'மாதத்தின் சிறந்த காப்பாளர்' என்று எழுதியிருந்தது. எந்த மாதம் என்று எழுதவில்லை. தேவைப்பட்டிருக்காது. நெடுஞ்சாலை ஓரத்தில் அடிபட்டுச் செத்தவர்களுக்குச் சின்ன வீடு கட்டிச் சிவப்பு நாடா கட்டுவார்களே, அதைப்போலப் படத்தைச் சுற்றிச் சிவப்பு நாடாக்கள் தொங்கின. கீழே ஒரு தட்டில் பற்றவைத்த சிகரெட் தானாகப் புகைந்துகொண்டிருந்தது. போகிற வருகிற பிள்ளைகள் கண்ணாடியில் அவன் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். தொட்டுத் தொட்டு மூக்கு இருந்த இடம் மங்கிவிட்டது.

துறைத் தலைவர் டாக்டர் ஆல்போர்னோஸ் ஓடிவந்து, பெரியவர்களுக்குப் போடும் 'தோன்' பட்டத்தோடு அழைத்துக் கட்டிப்பிடித்தார்.

"தோன் நிக்கனோர்! காப்பாளரோட அப்பா! எவ்வளவு பெரிய கௌரவம்! உட்காருங்க. மாத்தே சாப்பிடறீங்களா?"

"குடிச்சுட்டுத்தான் வந்தேன். என் மகன் செத்துட்டான். அவன் பேரை எடுங்க. ஆத்தைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க, அவன் பேர்ல சொல்லாதீங்க."

டாக்டர் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். கொஞ்சம் நேரம் பிடித்தது.

"தோன் நிக்கனோர், திறந்த மூல மென்பொருள்னா என்னன்னு தெரியுமா? ஊர்ப் பொதுச் சட்டி மாதிரி. எவன் வேணா எட்டிப் பார்க்கலாம், எவன் வேணா ஒரு பிடி உப்பு போடலாம். ஆனா கரண்டி ஒருத்தர் கையில இருக்கும். எந்த உப்பைச் சேர்க்கிறது, எதைக் கொட்டறதுன்னு அவர்தான் முடிவு பண்ணுவார். அவர்தான் காப்பாளர். உங்க மகன் செஞ்ச சட்டிக்கு உங்க மகன் காப்பாளர்."

"செத்தவன் கையில கரண்டியா?"

"செத்தவர்னு எங்க விதியில ஒண்ணு கிடையாது. செயலில் இருப்பவர், செயலில் இல்லாதவர், அவ்வளவுதான். உங்க மகன் செயலில் இருக்கார். உண்மையைச் சொன்னா, இந்தத் துறையில ஒழுங்கா வேலை பார்க்கிறது அவர் ஒருத்தர்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"நான் புதைச்சேன்யா அவனை."

"அது உங்க தரப்புத் தகவல். நான் மறுக்கல." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க. எங்க பசங்க ஒவ்வொருத்தரும் பட்டம் வாங்கணும்னா திறந்த மூலத்துக்குப் பங்களிக்கணும், அதை ஒரு காப்பாளர் ஏத்துக்கணும். முன்னாடி உலகத்துல இருக்கிற பெரிய பெரிய திட்டங்களுக்கு அனுப்பினோம். அங்கெல்லாம் காப்பாளர்கள் உயிரோட இருந்தாங்க. வாங்கிப் படிச்சுப் பார்த்தாங்க. அதனால எங்க பசங்க ஒருத்தனும் தேறல. உங்க மகன் இதுவரைக்கும் ஒரு பிள்ளையோட மனசைக்கூட நோகடிச்சதில்லை. இலாரியோ எதையும் மறுப்பதில்லை. அதுதான் எங்க துறையோட தாரக மந்திரம்."

அது உண்மையாகவே சுவரில் எழுதியிருந்தது.

"ஆனா நீங்க கேக்கறது உங்க உரிமை. இங்க எல்லாம் திறந்தது. முறையாக் கேட்டா எதையும் கேக்கலாம். யமிலா!"

* * *

யமிலா இறுதியாண்டு படிப்பவள். கண்ணுக்குக் கீழே கறுத்து, தூக்கம் பார்த்தே பல நாள் ஆனவள்போல இருந்தாள். நிக்கனோரைத் தன் கணினிக்கு அருகில் உட்காரவைத்து, முறைப்படி ஒரு புகார் எழுதினாள். தலைப்பு: காப்பாளர் இறந்துவிட்டார்.

எழுதி அனுப்பிய கையோடு பதில் வந்தது. இலாரியோவின் சின்னப் படம், பக்கத்தில் எழுத்து.

"தகவலுக்கு நன்றி நண்பா. பார்த்துட்டுச் சீக்கிரம் சொல்றேன்."

நிக்கனோர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இது யாரு சொல்றது?"

"அவர்தான். அவர் இல்ல. அது..." யமிலா கையைப் பிசைந்தாள். "அந்த வெள்ளிக்கிழமை மீன் பிடிக்கக் கிளம்பினாரில்ல, அப்ப பசங்க அனுப்பற திருத்தம் ரொம்பச் சேர்ந்துபோச்சு. 'ரெண்டு நாளைக்கு எது வந்தாலும் ஏத்துக்கோ, நன்றி சொல்லு, திங்கக்கிழமை வந்து நான் கண்டதையெல்லாம் கழிச்சுக் கட்டறேன்'னு ஒரு நிரல் எழுதி வெச்சுட்டுப் போனாரு. அது இன்னும் ஓடிட்டிருக்கு."

திங்கட்கிழமை வரவில்லை. உலகத்துக்கெல்லாம் வந்த திங்கட்கிழமை அந்தக் கணினிக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

அதற்குள் புகாருக்குக் கீழே மாணவர்களின் பதில்கள் குவிந்தன. புகாருக்குப் பதில் எழுதினாலும் பங்களிப்புக் கணக்கில் சேரும். ஒருவன், 'இறந்துவிட்டார்' என்பது எதிர்மறைச் சொல், 'வேறு விதமாகக் கிடைக்கிறார்' என்று மாற்றலாம் என்றான். இன்னொருவன் கேட்டான்: "இந்தப் பிரச்சினையை என் கணினியில் வரவழைக்க முடியவில்லை. என் கணினியில் அவர் நன்றாகத்தான் வேலை செய்கிறார். சாவை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் வழிமுறையைப் படிப்படியாகத் தரவும்."

யமிலா வாய்விட்டுப் படித்தவள் பாதியில் நிறுத்தினாள். நிக்கனோர் நிதானமாகச் சொன்னார்:

"லாரி ஒண்ணு வேணும்னு எழுது."

அவள் எழுதவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேறொன்று சொன்னாள்.

"தோன் நிக்கனோர், அந்த 'மதிப்புக்குரிய மூத்த குடிமகனே'... அது நான்தான்."

"நீயா?"

"'கிழவா'ன்னு இருந்துச்சு. வயசானவங்களை மரியாதையாக் கூப்பிடணும்னு ஒரு வழிகாட்டி இருக்கு. எனக்குப் பங்களிப்பு குறைஞ்சுது. மாத்தினேன். உடனே ஏத்துக்கிட்டாரு. அந்தக் கிழவன் அவரோட அப்பான்னு எனக்குத் தெரியாது."

"ஆத்து அளவை ஏன் ஒருத்தனும் மாத்தல? மத்ததெல்லாம் மாத்தினீங்களே."

"அதைத் தொடணும்னா புரியணும்" என்றாள் யமிலா.

நிக்கனோருக்குத் திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகள், மணல் படகில் பொறுக்கியவை, நாக்கு வரை வந்தன. பெண்ணின் கண்ணைப் பார்த்தபோது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. இவளும் எதையோ மறுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவள்தான்.

* * *

புகாரை இலாரியோ சீக்கிரம் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டதால் துறை அதற்குமேல் தலையிட முடியவில்லை. ஆனாலும் டாக்டர் ஆல்போர்னோஸ் ஜனநாயகவாதி. பேரவையைக் கூட்டினார். படியெல்லாம் பிள்ளைகள். முன்வரிசையில் நிக்கனோர், கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு.

"ஒரு நிமிஷம் எல்லாரும் எந்திரிச்சு மௌனமா நில்லுங்க. என் மகனுக்காக. அவ்வளவுதான் நான் முதல்ல கேக்கறது" என்றார்.

டாக்டர் மேடையில் சங்கடமாகச் சிரித்தார். "மௌனம் செயலின்மைக்கு அடையாளம், தோன் நிக்கனோர். செயலில் இருக்கும் காப்பாளருக்கு அது அவமரியாதை. கைதட்டல் தரலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நாலா பக்கமும் கைபேசிகள் ஒளிர்ந்தன. இலாரியோ நன்றி சொல்லியிருந்தான்.

மாணவர் பிரதிநிதி எழுந்தான். சட்டையில் புரட்சி வாசகம் எழுதியிருந்த பையன்.

"தோழர்களே! உயிரில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒதுக்குவதை இந்தப் பேரவை ஏற்காது! செத்தவர்களுக்கும் பங்கேற்கும் உரிமை உண்டு! அதுவுமில்லாம, நவம்பர்ல எனக்குப் பட்டமளிப்பு!"

கடைசி வாக்கியத்துக்குத்தான் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பிறகு டாக்டர் கையை உயர்த்தினார். "தந்தையின் துயரம் எங்களுக்குப் புரிகிறது. அதற்கு மருந்தும் கண்டுபிடித்திருக்கிறோம். வெறும் எழுத்தாக வருவதால்தானே மகன் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது? எங்கள் மாணவர்கள் இலாரியோவின் பழைய குரல் பதிவுகளைச் சேகரித்திருக்கிறார்கள். இனி அவர் பேசுவார். திங்கள் காலையிலிருந்து கீழ்க்கரை முழுக்க. திருத்தத்தைக் காலையில்தான் அனுப்பினோம். அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார்!"

பொத்தானை அழுத்தினார்.

அரங்கத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் இலாரியோ பேசினான். அதே குரல். 'ர' வரும்போது நாக்கு கொஞ்சம் வழுக்கும், சின்ன வயதில் பல் விழுந்தபோது வந்த பழக்கம். மூச்சு வாங்கும் இடம்கூட அதேதான். "மதிப்புக்குரிய மூத்த குடிமகனே" என்றான். "தாங்கள் விரும்பினால் விழித்தெழலாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஒருவன் விசிலடித்தான். நிக்கனோர் எழுந்து நின்றார். மகன் மேடைக்குப் பின்னாலிருந்து வருவான் என்று கால்கள் நினைத்துவிட்டன. கால்களுக்கு என்ன தெரியும்? படிப்பில்லாத கால்கள். யாரும் வரவில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் டாக்டர் ஒலிபெருக்கியில். "எழுந்து நின்னுட்டார்! அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு!"

* * *

வெளியே படிக்கட்டில் யமிலா அவரைப் பிடித்தாள்.

"ஒரு வழி இருக்கு. அவர் எதையும் மறுக்கமாட்டார் இல்ல? அவர் பேரையே எடுக்கற மாதிரி ஒரு திருத்தம் அனுப்பலாம். அதையும் ஏத்துக்குவார். பேர் இல்லேன்னா அனுப்ப ஆள் இல்லை. எல்லாம் தானா நின்னுடும்."

"அப்ப இத்தனை நாள் ஏன் ஒருத்தனும் செய்யல?"

"செஞ்சவன் பட்டம் வாங்க முடியுமா? நான் அனுப்பினா என்னைத் துறையை விட்டே தூக்கிடுவாங்க. உங்க பேர்ல அனுப்பலாம். உங்களுக்குத்தான் பட்டம் வேண்டாமே."

அது நிக்கனோருக்கு நியாயமாகப் பட்டது. ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து அவள் தன் மடிக்கணினியைத் திறந்தாள். அவர் பேரில் ஒரு கணக்கு தொடங்கவேண்டியிருந்தது. திரையில் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. பாலம் உள்ள படங்களையெல்லாம் தொடச் சொன்னது.

"எதுக்கு?"

"நீங்க மனுசன்னு நிரூபிக்கறதுக்கு."

"செத்தவன்கிட்ட இதைக் கேட்டீங்களா?"

"அவர்கிட்டக் கேக்கல. அவர் மனுசன் இல்லேன்னு எல்லாருக்கும் தெரியுமே."

இரண்டு முறை தப்பாகத் தொட்டு, மூன்றாவது முறை நிக்கனோர் மனிதர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். யமிலா ஒரு வரியை அழித்தாள். "இங்க அழுத்துங்க" என்றாள். மணலும் கயிறும் தேய்த்த கட்டைவிரலால் அழுத்தினார்.

ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பதில் வந்தது.

"நல்லா இருக்கு தலைவா. சேர்த்துட்டேன். நன்றி."

உயிரோடு இருந்தவரை அப்பன் சொன்ன ஒரு வார்த்தையையும் முதல் தடவையில் கேட்டவனில்லை அவன். முடி வெட்டச் சொன்னால் ஒரு மாதம் இழுப்பான். தலைக்கவசம் போடச் சொன்னதற்கு, அடுத்த வாரம் என்றான். இதை மட்டும் ஒரு சொல்லில் கேட்டுக்கொண்டான். 'போ' என்றதும் போய்விட்டான். திரையில் அவன் படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் வந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் நிக்கனோர்.

"முடிஞ்சுது."

அவருக்கு ஏனோ கயிறு நினைவுக்கு வந்தது. பெட்டி தரையைத் தொட்டதும் திடீரென்று கனம் போய்க் கையில் தளர்ந்த அந்தக் கயிறு.

* * *

திங்கட்கிழமை விடியலில் நிக்கனோர் சத்தமில்லாமல் மாத்தே ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமான நேரம் வந்தது. அமைதி. நாய் அவரைப் பார்த்தது. அவர் நாயைப் பார்க்காமல் இருந்தார்.

கைபேசி பேசியது.

"காலை வணக்கம், அன்பான அண்டைவீட்டாரே!" இலாரியோவின் குரல், 'ர'வில் வழுக்கும் அதே நாக்கு. "நான் நிக்கனோர். இன்று பரானா மூன்று மீட்டர் நாற்பது. உங்கள் நாள் இனிமையாக அமைய என் வாழ்த்துகள்."

நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. அடுத்த வீட்டிலிருந்து அதே குரல், அதற்கடுத்த வீட்டிலிருந்து அதே குரல். கீழ்க்கரை முழுவதும் மூடுபனிக்குள் செத்த மகன், உயிரோடிருக்கும் அப்பன் பேரைச் சொல்லி வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

தோன்யா இர்மா வேலிக்கு வந்தாள். முதல் தடவையாக அவள் கத்தவில்லை. சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"நிக்கனோரு... நீ யாருக்குமே காலை வணக்கம் சொன்னதில்லையேய்யா."

* * *

துறைக் கதவில் இந்தமுறை காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னான். கூடத்துச் சுவரில் புதுப் படம். காவலாளி சன்னலில் எடுத்தது. நிக்கனோர் வாயைத் திறந்தபடி, யாரையோ திட்ட ஆரம்பித்தவர்போல. அதற்குள் இரண்டு சிவப்பு நாடாக்கள் கட்டியாகிவிட்டன. மகனின் படம் கழற்றப்பட்டு, மூக்கு மங்கிய கண்ணாடி சுவரைப் பார்க்கும்படி, மூலையில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது.

"வாழ்த்துகள், காப்பாளரே!" என்று டாக்டர் ஆல்போர்னோஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விதி தெளிவா இருக்கு. காப்பாளர் விலகினா, கடைசியாப் பங்களிச்சவர் காப்பாளர். அன்னிலேருந்து எத்தனை பிள்ளைகளோட திருத்தத்தை ஏத்துக்கிட்டீங்க தெரியுமா? ஒண்ணைக்கூட மறுக்கல. அப்பாவுக்குத் தப்பாத பிள்ளைன்னு சொல்வாங்க, இங்க பிள்ளைக்குத் தப்பாத அப்பா!"

"நான் எதையும் ஏத்துக்கல."

"உங்க பேர்ல ஓடற நிரல் ஏத்துக்கிச்சு."

"அவன் குரலை எடுங்க."

"குரல் தனிப் பங்களிப்பு. போன காப்பாளர் ஏற்கெனவே ஏத்துக்கிட்டது."

"சரி, அந்தப் பொண்ணை விட்டு அழிக்கச் சொல்றேன்."

"இனி முடியாது. காலையில விதியைத் திருத்திட்டோம். சேர்ப்பதுதான் பங்களிப்பு. எடுப்பது பங்களிப்பு ஆகாது. உலகத்துல எல்லாரும் எடுக்க ஆரம்பிச்சா அறிவு எங்கே மிஞ்சும்? இந்தத் துறையில எதையும் எடுக்கக்கூடாதுங்கிறது என்னோட வாழ்நாள் கொள்கை. நானே பணி ஓய்வு பெற்று நாலு வருஷமாச்சு."

"அப்ப நான் விலகறேன். நான் உயிரோட இருக்கேன். என் வாயால சொல்றேன், விலகறேன்."

"ரொம்ப சந்தோஷம். முறையா அனுப்புங்க. காப்பாளர் பார்த்து முடிவு பண்ணுவார்."

"காப்பாளர் யாரு?"

"நீங்கதான்."

டாக்டரே பெருந்தன்மையோடு அவர் சார்பில் விலகல் கோரிக்கையைத் தட்டி அனுப்பினார். உடனே பதில் வந்தது. பக்கத்தில் சின்னப் படம், திறந்த வாய்.

"தகவலுக்கு நன்றி நண்பா. பார்த்துட்டுச் சீக்கிரம் சொல்றேன்."

"பார்த்தீங்களா, பரிசீலனையில எடுத்துட்டீங்க" என்றார் டாக்டர். "நிதானமா முடிவு பண்ணுங்க. அவசரமில்ல. எங்களோட நீங்க எப்பவும் இருப்பீங்க."

நிக்கனோர் மூலைக்குப் போய் மகனின் படத்தை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். "எடுக்கக்கூடாது" என்று காவலாளி ஆரம்பித்தான். அவர் பார்த்த பார்வையில் சன்னலைச் சாத்திக்கொண்டான்.

வாசலில் யமிலா நின்றாள். அழுதிருந்தாள்.

"எனக்குத் தெரியாது தோன் நிக்கனோர். நின்னுடும்னுதான் நினைச்சேன்." தயங்கினாள். "ஒண்ணு செய்ய முடியும். எடுக்கத்தான் கூடாது, சேர்க்கலாம். அந்தப் பழைய வரியை உங்க எண்ணுக்கு மட்டும் திரும்பச் சேர்க்கட்டுமா? 'எழுந்திரு கிழவா'ன்னு. இப்ப குரலும் இருக்கு. அவர் குரல்லயே வரும்."

நிக்கனோர் நின்றுவிட்டார். மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. கையிடுக்கில் கண்ணாடி சில்லென்று விலாவைத் தொட்டது. காலையில், இருட்டு பிரியும் முன், அந்த நாக்கு வழுக்கும் குரலில், அந்த இரண்டு சொல். ஆம் என்று தலையசைத்தால் போதும். அதுகூட வேண்டாம். அவர் பேரில் ஓடுவது அவருக்கும் சேர்த்துத் தலையசைத்துவிடும்.

"அது உன் பட்டத்துக்கு உதவுமா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு குறையுது எனக்கு." பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆனா அதுக்காகக் கேக்கல. சத்தியமா."

"வேற எதையாவது சேர்த்துக்க பொண்ணே. பூ, நட்சத்திரம், எது வேணா. நான் மறுக்கவா போறேன்?" படத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அவன் கூப்பிட்டா எழுந்திருப்பேன். நீ சொல்லி அவன் கூப்பிட வேணாம்."

மேட்டிலிருந்து கீழ்க்கரைச் சாலையில் இறங்கினார். பாதி வழியில் கோட்டுப் பைக்குள்ளிருந்து மகன் பேச ஆரம்பித்தான். ஏதோ ஒரு பிள்ளை, காலையில் ஒருமுறை சொன்னது போதாதென்று இன்னொரு வேளையைச் சேர்த்திருக்கவேண்டும். "நான் நிக்கனோர்" என்றான். "பரானா மூன்று மீட்டர் நாற்பத்தைந்து." எதிரே சைக்கிளில் வந்த ஆள், "நன்றி தோன் நிக்கனோர்!" என்று கையசைத்துவிட்டுப் போனான்.

நிக்கனோர் பதிலுக்குக் கையசைக்கவில்லை. கைபேசியை வெளியே எடுக்கவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, நேரே துறைமுகத்துக்கு நடந்தார், தூணைத் தன் கண்ணால் பார்க்க.